தகடு ஒட்டாதே, மாப்ளே

மாப்ளே,

மூணு மாசமா பதில் போடாதது என் தப்புதான். திட்டி முடிச்சிட்டு மேலே படி. இங்க எல்லாரும் சௌக்கியம்.

உன் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வண்டியோட சேஸிஸ்ல துரு பிடிச்சு ஓட்டை விழுந்திருக்குன்னு நீ அனுப்பின படங்களைப் பெரிசாக்கிப் பார்த்தேன். "சின்ன ஓட்டைதானே, மேல ஒரு தகடு வச்சு வெல்டு பண்ணிடலாமா?"ன்னு கேட்டிருக்கே. வேண்டாம்டா. டிஃபெண்டர் சேஸிஸ், அதான் வண்டியைத் தாங்குற அடிச்சட்டம், பெட்டி மாதிரி மூடினது. உள்ளே தங்கின சேறு உள்ளேயிருந்தே அரிச்சுட்டு வரும். வெளியே ஓட்டை தெரியறப்போ சுத்தியிருக்கிற இரும்பு அப்பளம்தான். அதுமேல தகடு வச்சா இடுக்குல தண்ணி நின்னு இன்னும் சீக்கிரம் தின்னும்.

சின்னச் சுத்தியலால பின்னாலேர்ந்து முன்னாடி தட்டிக்கிட்டே வா. கணீர்னு கேட்டா நல்ல இரும்பு, மொத்துன்னு கேட்டா போயிடுச்சு. கணீர் கேட்ட இடத்துலயும் நிக்காதே, இன்னொரு 50 மி.மீ. முன்னாடி போய்க் கோடு போடு. அதுக்குப் பின்னால இருக்கிறதை வெட்டி எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். பின் கிராஸ்மெம்பரை (ரெண்டு பக்கச் சட்டத்தையும் பின்னால குறுக்கே சேர்க்கிற இரும்பு) மட்டும் வாங்காம, சட்டத்து மேல மாட்டிக்கிற நீளக் கை வச்சதா வாங்கு. கையோட நுனியை நேரா விடாம மீன்வாய் மாதிரி வெட்டிக்கோ. நேர்கோட்டுல வெல்டு போட்டா சூட்டுல பலம் குறைஞ்ச இரும்பு முழுக்க ஒரே வரிசையில வந்துடும். அங்கதான் விரிசல் விடும்.

வெட்டறதுக்கு முன்னாடிதான் நீ அவசரப்படுவே. ஸ்டாண்டை வெட்டுற இடத்துக்கு முன்னால சட்டத்துக்கு அடியில குடு. பின்பாடி கிராஸ்மெம்பர்லதான் போல்ட் ஆகியிருக்கு, அதனால பாடிக்கும் மரக்கட்டை முட்டுக் குடு. ரெண்டு சட்டத்துக்கும் குறுக்கே ஒரு இரும்பு ஆங்கிளை டேக் பண்ணிடு, அதான் பொட்டு பொட்டா வெல்டு வச்சு நிறுத்திடு. மூலைக்கு மூலை குறுக்கு அளவு ரெண்டையும் எடுத்து எழுதி வை. புதுசை மாட்டி நாலு மூலையில டேக் போட்டதும் மறுபடி அள. 3 மி.மீ. தாண்டினா டேக்கை அறுத்துட்டுத் திரும்ப நிறுத்து. அப்புறம் 25 மி.மீ. துண்டு துண்டா, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு, ஆறவிட்டு ஆறவிட்டுப் போடு. ஒரே இழுப்பா இழுத்தா சட்டம் முறுக்கிக்கும்.

இதுல விளையாடாதே: உன்னோடது 110 மாடல், ஃப்யூயல் டேங்க் கிராஸ்மெம்பருக்குப் பக்கத்துலயே இருக்கு. கழட்டி வெளியே வை. காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே ஆவி நிக்கும். பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழட்டு. பின் லைட்டுக்குப் போற ஒயர் சட்டத்துக்குள்ளேயே ஓடுது. அதை முன்னாடி இழுத்துக்கோ, திரும்பக் கோக்க ஒரு கயித்தைக் கட்டி விடு. புதுசு கால்வனைஸ் பண்ணினதா (துத்தநாகம் பூசினதா) இருந்தா வெல்டு படுற இடத்துல துத்தநாகத்தை ரெண்டு பக்கமும் கிரைண்ட் பண்ணு. இல்லேன்னா அது எரியற புகையை இழுத்து ராத்திரி காய்ச்சல் வரும்.

வெல்டுக்கு உள்பக்கம் பெயின்ட் எரிஞ்சு வெறும் இரும்பா நிக்கும். வெளியே பெயின்ட் காய்ஞ்சப்புறம் தண்ணி வடியற ஓட்டை வழியா நீளக் குழாய் விட்டு மெழுகு அடி. அந்த ஓட்டைகளை மட்டும் அடைச்சுடாதே.

வெல்டிங்குக்குத் தடியனைக் கூப்பிடு, கை இன்னும் நடுங்கலை. அளவு டேப்பை மட்டும் அவன் கையில குடுக்காதே. காரணம் உனக்கே தெரியும்.

உன்
மாப்ளே