6.20-க்கு வந்த போன்

அன்புள்ள மாப்பிள்ளை,

ஏழெட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ திட்டுவதற்குள் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்துவிட்டது. பதறாதே, இப்போது தேறி வருகிறாள். நேற்று உன் பேச்சு வந்ததும், "அந்தப் பூட்டு மன்னன் எப்படி இருக்கான்?" என்று கேட்டாள். 'பூட்டு' என்ற சொல்லைத் தேடிப் பிடிக்க அரை நிமிடம் ஆனது. ஆனால் பிடித்துவிட்டாள்.

போன மாதம் ஒரு காலை. 6.20-க்கு எனக்குப் போன் செய்து நன்றாகத்தான் பேசினாள். கொஞ்ச நேரத்தில் அத்தான் கூப்பிட்டார். கையிலிருந்த சீப்பு கீழே விழுந்ததாம், குனிந்து எடுக்க வலது கை வரவில்லையாம். வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சும் குழறுகிறது என்றார். நான் ஓடிப் போனபோது வாசலில் ஒரே வாக்குவாதம். அத்தானின் தம்பி காரைக் கிளப்பிவிட்டான். இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணுமாம். "இங்கே இருக்கிறவங்களுக்கு என்ன தெரியும்?" என்றான்.

மாப்பிள்ளை, அதே வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன். உன் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நீ பின்சீட்டில் இருந்தாய். பக்கத்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தச் சொன்னாய். நிறுத்தாமல் ஓட்டியது நான்தான். அன்றைக்கும் அங்கே ஸ்கேன் இருந்தது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் இருந்தது. இப்போதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இத்தனை வருடத்தில் நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் வாய் திறந்ததில்லை.

இந்தத் தடவை கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் வழியிலேயே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள். 7.10-க்கு உள்ளே போனோம். முதல் கேள்வி, "கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?" என் போனை எடுத்து நேரத்தைக் காட்டினேன். கணக்கு அங்கிருந்துதான் தொடங்குமாம். அதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும். அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன்.

ஸ்ட்ரோக் என்றால் பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைப்புதான், 100-ல் 85 பேர் வரை. மீதிப் பேருக்கு ரத்தக்கசிவு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கசிவாக இருந்து கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முதலில் சி.டி. ஸ்கேன். ஸ்கேனுக்கு முன்னால் நாமாக ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். வாயில் தண்ணீரும் ஊற்றக் கூடாது, விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். அன்று உன் அப்பாவுக்கு நாம் என்னவெல்லாம் செய்தோம் என்று நினைத்தால்...

அங்கே நரம்பியல் டாக்டர் கிடையாது. ஸ்கேன் படத்தை வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பினார்கள். அவர் திரையில் வந்து அக்காவைக் கையைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். நூறில் ஐந்தாறு பேருக்கு மூளையில் ரத்தம் கசியலாம் என்று தெளிவாகச் சொல்லித்தான் கையெழுத்து கேட்டார்கள். அத்தானின் கை நடுங்கியது. சரி என்று போட்டார். எடைக்குத் தக்கபடி மருந்தைக் கணக்கிட்டு, பத்தில் ஒரு பங்கை ஒரே தடவையாக ஏற்றி, மீதியை ஒரு மணி நேரம் ட்ரிப்ஸில் விட்டார்கள். அப்போது மணி எட்டுகூட ஆகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தால் பாதி வழியில்தான் இருந்திருப்போம்.

பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் ஒரு நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் செத்துப்போகுமாம். அதை இரண்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை.

அத்தானின் தம்பி இன்னமும் ஒத்துக்கொள்ளவில்லை. "குழாய் விட்டுக் கட்டியை உருவுற வசதி அங்கேதானே இருக்கு?" என்கிறான். உண்மைதான், 2015-லிருந்து அதன் பலன் நிரூபணமான விஷயம். ஆனால் எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை, அக்காவுக்கும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டால் ஊசியை இங்கே தொடங்கிவிட்டு அங்கே அனுப்பலாம். ஸ்பெயினில் கத்தலோனியா பகுதியில் 1,401 பேரை வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள், முடிவு 2022-ல் வந்தது. பக்கத்திலிருந்த ஸ்ட்ரோக் மையத்துக்கு முதலில் போனவர்கள், நேரே பெரிய மையத்துக்குப் போனவர்கள் என இரு பிரிவு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஊசி கிடைத்தவர்களோ பக்கத்து மையத்துக்குப் போனவர்களில்தான் அதிகம். அவனுக்குப் படித்தே காட்டினேன். முறைத்துக்கொண்டு போய்விட்டான், அவன் சுபாவம் உனக்குத் தெரியும்.

இப்போது வந்திருக்கும் கவலையைக் கேள். அந்த ஆஸ்பத்திரியில் இரவு அவசரப் பிரிவை நிறுத்தப் போகிறார்களாம், இரவில் கூட்டம் இல்லை என்று. எட்டு மணிக்கு மேல் ஸ்கேன் எடுக்க ஆள் இருக்காது. அக்காவுக்கு அது காலையில் வராமல் ராத்திரி வந்திருந்தால்? எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. அடுத்த வாரம் கூட்டம் போட்டிருக்கிறார்கள். நான் பேசப் போகிறேன்.

அதற்கு உன்னிடம் ஒன்று வேண்டும். அப்பாவுக்கு நடந்ததை ஒரு பக்கம் எழுதி அனுப்பு. எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம், அப்புறம் அந்த மூன்று வருடம் அவர் எப்படிப் படுத்திருந்தார், எல்லாம். வண்டி ஓட்டியவன் நிறுத்தவில்லை என்பதையும் எழுது. என் பெயரைப் போட்டே எழுது. கூட்டத்தில் நானே வாசிக்கிறேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். உன் பி.பி. எவ்வளவு என்றும் எழுது, மழுப்பாதே.

உன் நண்பன்