பதக்கத்தின் ஓரத்தைப் பார், கண்ணு

கண்ணு,

போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கொள்ளுத்தாத்தா கிடைத்துவிட்டார். நம் கோயிலின் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தில், 1921-இல், உன் தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பக்கத்தில். உபதேசியார் இரண்டு நாள் கூடவே உட்கார்ந்து தேடிக் கொடுத்தார். எல்லாம் லத்தீன். ராயப்பனைப் பெட்ருஸ் என்றும் சூசையை யோசேபுஸ் என்றும் எழுதுவார்களாம். அது தெரியாமல் போன வருஷம் அதே பக்கத்தைப் புரட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தேன். கீழ்ப்பாதியைக் கரையான் அரித்திருந்தது. ஆனால் ஞானத்தாய் என்ற இடத்தில், ஆயா ஓயாமல் சொல்லும் அந்த அத்தையின் பெயர் முழுசாக இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, நம் ஆட்கள்தான்.

பட்டாளத்தைப் பற்றி மட்டும் அதில் ஒரு வார்த்தை இல்லை. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படையில் இருந்தார், ஜெர்மன் சண்டைக்கு ஈராக்கிலிருக்கும் பஸ்ரா போனார் என்று ஆயா சொன்னதோடு சரி. லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்லில், 1914-19 போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்று இருக்கிறதே, அதில் ஒரு பெயரும் கிடையாது. இறந்தவர்களையாவது போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடலாம். உயிரோடு திரும்பி வந்து ஏர் பிடித்தவரை எங்கே தேடுவது? எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஆயா பெட்டியிலிருந்த வெள்ளிப் பதக்கம் உன்னிடம்தானே இருக்கிறது? ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு ஆள். இத்தனை வருஷம் அந்த இரண்டு பக்கத்தையே பார்த்திருக்கிறோம். அந்தப் போருக்குக் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தில் ஓரத்தைச் சுற்றி நம்பர், ராங்க், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறிப்பார்களாம். புளி போட்டுத் தேய்த்துவிடாதே, ஈரத்துணிகூட வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மெல்லச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடு. ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள், நம்பர்தான் முக்கியம்.

அது கிடைத்துவிட்டால் அப்புறம் வழி இருக்கிறது. சாப்பர்ஸ் தலைமையிடம் உன் பெங்களூரிலேயே, அல்சூர் ஏரிப் பக்கம்தான். ஆவணப் பிரிவுக்கு எழுதிக் கேட்போம். ஞானஸ்நான நகலை நான் தயாராக வைத்திருக்கிறேன்.

அவர் பெயரைப் பட்டாளத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் அதைப் படித்துச் சொல். ராத்திரி எந்நேரமானாலும் பரவாயில்லை, கூப்பிடு.

அம்மா
வேலூர்