பந்தி பரிமாறவும் பிரசங்கிக்கவும்: குருப்பட்டம் பெறவிருக்கும் இளையோருக்குத் திறந்த மடல்

அன்பான தம்பி தங்கைகளுக்கு,

கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம். இறையியல் கல்லூரிப் படிப்பை முடித்து, சேகரங்களில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளில்) பயிற்சிக் காலத்தையும் கடந்து, குருப்பட்டத்துக்காகக் காத்திருக்கிறீர்கள். பட்டம் பெற்ற மறுநாளே எழுபது வயதுப் பாட்டிமார்கூட உங்களைக் கண்டதும் எழுந்து நின்று ‘ஐயர்’ என்றும் ‘அம்மா’ என்றும் அழைப்பார்கள். அதன்பிறகு உங்கள் முகத்துக்கு நேரே மனம்விட்டுப் பேச இங்கே ஆள் இருக்காது. ஆகவே இப்போதே எழுதிவிடுகிறேன். நான் தென் மாவட்டக் கிராமச் சபை ஒன்றில் ஓய்வுநாள் பள்ளி நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியன். இறையியல் பட்டம் எதுவும் கிடையாது. பிரசங்கம் கேட்டுப் பழகிய காது மட்டும் உண்டு.

முதலில் உங்களுக்குக் கிடைக்கப்போவது டீக்கன் என்னும் உதவிகுருப் பட்டம். பலர் அதை ஓராண்டில் தாண்டிவிட வேண்டிய படியாகவே நினைக்கிறார்கள். அந்தப் பொறுப்பின் வேரைச் சபை அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் காண்பது வழக்கம். அந்த அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். எருசலேம் சபையில் அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடுபட்டுப்போவதாகக் கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் அதைக் கலகம் என்று அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே களஞ்சியச் சாவி போயிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் சேகர மன்றங்களில் எந்தக் காலத்திலாவது அப்படி நடந்ததுண்டா?

கதை அத்தோடு முடியவில்லை. பந்தி விசாரிக்க நியமிக்கப்பட்ட ஸ்தேவான் அடுத்த அதிகாரத்தில் ஆபிரகாம் தொடங்கி சாலொமோன் வரை வேத வரலாற்றை விரித்துப் பேசுகிறார். அந்த நூலிலேயே நீளமான பிரசங்கம் அதுதான். அதற்கடுத்த அதிகாரத்தில் பந்தி விசாரித்த பிலிப்பு, எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தில் ஏறி உட்கார்ந்து ஏசாயாவை விளக்குகிறார். அப்பம் பங்கிட்டவர்களுக்கு வேதம் தெரிந்திருந்தது.

இன்று உங்களை இரண்டு பெட்டிகளில் அடைக்கப் பார்ப்பார்கள். ‘இவர் செய்தியில் வல்லவர்’ என்று சிலரைக் கன்வென்ஷன் மேடைக்கு அனுப்புவார்கள். ‘இவர் சமூகப்பணி ஆர்வலர்’ என்று சிலரை விடுதி நிர்வாகத்துக்கும் மருத்துவ முகாமுக்கும் அனுப்புவார்கள். இரண்டுக்கும் தயவுசெய்து இணங்காதீர்கள். பிரிந்து நின்றால் இரண்டுமே கெட்டுப்போகும். உதாரணமாக எல்லோரும் அறிந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

வருடப் பிறப்பு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எரேமியா 29:11 வந்துவிட்டால் வீட்டில் பூரிப்பு: ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ மகளுக்கு வரன் அமையும், மகனுக்கு வெளிநாட்டு விசா கிடைக்கும் என்று அதற்குப் பொருள் சொல்லிக்கொள்கிறோம். அந்த வசனம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனம் விடுதலைக்கு எழுபது வருஷம் ஆகும் என்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக ஒருவரும் எருசலேமுக்கு உயிரோடு திரும்பியிருக்க முடியாது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறான். கூட்டம் எரேமியாவைவிட அனனியாவைத்தான் ரசித்திருக்கும். இன்றைக்கும் இரண்டு வருஷக்காரர்களுக்குத்தான் பந்தல் நிறைகிறது.

அதே கடிதத்தின் ஏழாம் வசனம் எந்த அட்டையிலும் அச்சாகி நான் கண்டதில்லை. உங்களைச் சிறையாக்கிய பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள் என்கிறது அது. வசனத்தை அதன் இடத்தில் வைத்து வாசித்திருந்தால் வரனிலும் விசாவிலும் நின்றிருக்க மாட்டோம். ஊருணியைத் தூர்வாருவதிலும், பக்கத்துத் தெருக்காரருடைய ரேஷன் அட்டைச் சிக்கலிலும் போய் நின்றிருப்போம். ஆரோக்கியமான உபதேசம் என்று பவுல் தீத்துவுக்கு எழுதியதை வறண்ட கொள்கைச் சண்டை என்று நினைக்கிறவர்கள் உண்டு. தீத்துவின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்தால், முதிர்வயதுள்ளவர்கள் எப்படி நடக்க வேண்டும், மது அருந்தலாமா, இளைஞன் எப்படிப் பேச வேண்டும் என்று அன்றாடக் காரியங்களே வரிசையாக வருகின்றன.

தவறான உபதேசம் எங்கே அதிகம் காயப்படுத்துகிறது என்று பார்க்க வேண்டுமானால் நோயாளியின் கட்டிலருகே போங்கள். புற்றுநோய் முற்றிய ஒரு தாயிடம், ‘விசுவாசம் குறைந்ததால்தான் சுகம் தாமதிக்கிறது’ என்று ஜெபிக்க வந்தவர் சொல்லிவிட்டுப் போவதை என் காதால் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா அதன்பிறகு வலியைவிடக் குற்ற உணர்ச்சியால் அதிகம் அழுதார். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதினார். பவுலுக்கே விசுவாசம் போதவில்லை என்பார்களோ? இந்த இரண்டு வசனங்களையும் படுக்கையில் கிடப்பவருக்கு மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுந்துவிடாமல், அடுத்த மருத்துவமனைப் பயணத்துக்குத் துணை யார், ஆட்டோ யார் என்று கேட்டு ஏற்பாடு செய்யுங்கள்.

தமிழ்நாட்டுச் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையின் தொடக்கமே இந்த இரண்டும் கலந்ததுதான். 1706 ஜூலையில், டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவுக்கு அப்போது உங்கள் வயதுதான், 24 நிறையும் தருணம். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். மார்ட்டின் லூத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715இல் அச்சிட்டு முடித்தார். இவ்வளவும் நாம் நூற்றாண்டு விழாக்களில் சொல்கிறோம். 1708இல் டேனிஷ் கோட்டைத் தளபதி அவரைச் சிறையில் அடைத்ததை விழாக்களில் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் அவர் அவளுக்காக நின்றது அந்தச் சிறைவாசத்துக்கு வழிவகுத்தது. நான்கு மாதம் உள்ளே இருந்தார். பைபிள் மொழிபெயர்ப்பாளருக்கு விதவையின் கடனோடு என்ன வேலை என்று அன்றும் சிலர் கேட்டிருப்பார்கள்.

ஆனால் நீங்கள் மாதிரியாகக் கொள்ள வேண்டியவர் வெள்ளைக்கார மிஷனரியைவிட நம் உபதேசியார்தான். சபைமணி அடிப்பதும், கோயிலைப் பெருக்குவதும், காலை ஜெபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு எழுத்தும் வினாவிடையும் சொல்லித்தருவதும், எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும், இரவில் பிரசவ வலி கண்ட வீட்டுக்கு அரிக்கேன் விளக்கோடு ஓடுவதும் ஒரே ஆளின் வேலை. நற்கருணை என்னும் திருவிருந்தைக் கொடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. குருவானவர் எப்போதாவது வருவார். சபையை அன்றாடம் வளர்த்தவர் உபதேசியார். இந்தியர்களில் முதல் சீர்திருத்தச் சபைக் குருவான ஆரோன், 1733 டிசம்பரில் பட்டம் பெறுமுன் உபதேசியாராகவே உழைத்தவர்.

அந்த வரலாற்றில் நமக்கு வெட்கம் தரும் பக்கம் ஒன்றும் உண்டு. இராஜநாயக்கன் தஞ்சாவூர்ப் படையில் சிப்பாயாக இருந்து உபதேசியாரானவர். பல ஆண்டுகள் சிறப்பாக ஊழியம் செய்தார். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கும் யோசனை வந்தபோது, அவர் பிறந்த சாதி குறுக்கே நின்றது. அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றச் சாதியார் மறுப்பார்கள் என்று மிஷனரிகளே பின்வாங்கிவிட்டார்கள். சரியான உபதேசம் உள்ளவர்கள்தான் அவர்கள். விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதலைப் பற்றி அவர்களிடம் யாரும் குறை காண முடியாது. அந்த உபதேசம் நற்கருணைப் பந்தி வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். நூறாண்டு கழித்து, 1833இல், கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று ஆணையிட்டபோது, சாதியை விடாமல் சபையை விட்டவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு வெளியேற வேண்டிய அவசியம்கூட யாருக்கும் இல்லை. திருமண்டலத் (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட சபைகளின்) தேர்தலில் சாதிவாரியாக அணி பிரித்து உள்ளேயே வைத்துக்கொள்கிறோம்.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை உங்களுக்குப் பாடத்தில் வைத்திருப்பார்கள். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மிஷனரிகளைப் பார்த்து, ஏழைகளுக்காக உங்கள் பொருளையெல்லாம் கொடுத்தீர்கள், உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று அவர் கேட்டதைத் தேர்வில் எழுதியிருப்பீர்கள். அந்தப் பேச்சைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு முன்பே அவர் எடுத்த முடிவு. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்து பிறரை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கலாம். தெலுங்கு கற்றுக்கொண்டு தாமே தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912இல் அங்கேயே முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். எழுத்தறியாத ஒடுக்கப்பட்ட மக்கள் நிறைந்த அந்தக் கிராமங்களில், ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் தலையில் கைவைத்து, ‘சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ’ என்று சொல்லும்படி செய்தார். கூலி வேலை செய்கிறவரும் போதிக்கக் கடமைப்பட்டவர் என்று ஒரு பேராயர் நம்பியிருக்கிறார். நாமோ சபையாருக்கு ‘ஆமென்’ சொல்ல மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

அசரியாவின் சங்கத்துக்குப் பணம் வந்தது நம் ஊர்களிலிருந்துதான். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்து, வாரக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவரும் வழக்கம் நம் பெண்களிடம் இருந்தது. அதில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று எந்தச் சுவரிலும் எழுதவில்லை. இப்போது எங்கள் கோயிலில் மின்விசிறி சுற்றாத நேரத்தில் இறக்கையில் உபயதாரர் பெயரைத் தெளிவாக வாசிக்கலாம். சுவர்க்கடிகாரத்தில், பெஞ்சில், ஒலிபெருக்கியில், கல்லறைத் தோட்டத்துக் கேட்டில், எங்கும் பெயர். ஐந்து கிலோ அரிசிப் பையைக் கொடுக்க ஒன்பது பேர் வரிசையாக நின்று படம் எடுக்கிறார்கள். வாங்குகிற விதவை நடுவில் குனிந்து நிற்கிறார். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற மலைப்பிரசங்க வாக்கை நீங்கள் பிரசங்கிப்பதால் மட்டும் இது நிற்காது. அந்தப் படத்தில் நிற்க நீங்கள் மறுத்தால் ஒருவேளை நிற்கும். கமிட்டியாருக்குக் கோபம் வரும். வரட்டும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குறிக்கோள் வாசகம் மாற்கு 10:45இலிருந்து வந்தது: ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய. பேராயர் இல்லமும் குருவானவர் வீடும் அந்த வாசகத்தைக் கடன் வாங்கிக்கொண்டால் நல்லது.

பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் நம் சபைகளுக்கு இருக்கும் அருமையான வழக்கம் இது. ஊரே கூடிச் சமைத்து, ஊரே கூடிச் சாப்பிடுவது. கொரிந்து சபையிலும் இப்படி ஒரு விருந்து இருந்தது. முந்தி வந்தவர்கள் சாப்பிட்டுத் தீர்க்க, ஏழைகள் பசியோடு நின்றார்கள் என்று பவுல் கடிந்துகொண்டார். திருவிருந்து ஏற்படுத்தப்பட்ட வார்த்தைகளை நாம் ஒவ்வொரு நற்கருணை ஆராதனையிலும் அந்தக் கடிந்துரையிலிருந்துதான் எடுத்து வாசிக்கிறோம். எங்கள் பக்கத்து அசனங்களில் பிரமுகர்களுக்கும் குருமாருக்கும் தனி அறையில் மேசை போட்டு எலும்பில்லாத கறி வைக்கிறார்கள். பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேரின் காலை ஏற்கனவே சோப்புப் போட்டுக் கழுவிவரச் சொல்லி, பிறகு அங்கியோடு தண்ணீர் தெளிக்கும் சடங்கைவிட, அசனத்தன்று வாளியைத் தூக்கிச் சாம்பார் ஊற்றுவது, இயேசு சீடரின் கால்களைக் கழுவிய யோவான் 13க்கு நெருக்கமானது என்பது என் கருத்து. கடைசிப் பந்தியில் உட்காருங்கள். கறி தீர்ந்திருந்தால் ரசம் இருக்கும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை பெறுமுன் நடக்கும் திடப்படுத்தல் ஆயத்த வகுப்பை வேறு யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். என்னைப் போன்ற ஆசிரியர்களிடமும் வேண்டாம். பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் நீங்களே பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். ‘பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக’ என்பதைப் படிக்கும் வாரம், செல்போனில் வரும் புரளிகளை எப்படிச் சரிபார்ப்பது என்று பேசுங்கள். ‘களவு செய்யாதிருப்பாயாக’ வரும்போது கூலி பாக்கி வைப்பதைப் பற்றிப் பேசுங்கள். அவர்களில் சிலருடைய அப்பாக்கள் பாக்கி வைத்திருப்பவர்கள். வகுப்பு முடிந்ததும் இரண்டு பிள்ளைகளை உங்கள் பைக்கில் ஏற்றிக்கொண்டு படுக்கையில் கிடக்கும் ஒரு தாத்தாவைப் பார்க்கப் போங்கள். அவருக்குக் காது கேட்காவிட்டால் பிள்ளைகளைச் சத்தமாகச் சங்கீதம் வாசிக்கச் சொல்லுங்கள். பழைய சேகரப் பதிவேட்டில் நோயாளிகள் பட்டியல் என்று தனிப் பக்கம் இருக்கும். இல்லாவிட்டால் முதல் மாதத்திலேயே நீங்கள் தொடங்குங்கள். அந்தப் பட்டியல் எங்கள் சபைக்கு மட்டும் என்னிடம் தயாராக இருக்கிறது. யாரை இங்கே நியமித்தாலும் வந்த அன்றே கொடுத்துவிடுகிறேன்.

கர்த்தருடைய பணியில்,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் ஒருவர்