மடக்கு மிதிவண்டியை அளந்து பாருங்கள்: விமான நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: திருவனந்தபுரம், தூத்துக்குடி, மதுரை நிலையங்களிலிருந்து உள்நாட்டுச் சேவை நடத்தும் விமான நிறுவனங்களின் பயணச்சுமைப் பிரிவுப் பொறுப்பாளர்கள்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

குமரி மாவட்டத்துக்கு விமான நிலையம் இல்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் விமானம் ஏற வேண்டுமென்றால் களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரத்துக்குப் போகிறார், அல்லது வாகைக்குளத்திலுள்ள தூத்துக்குடி நிலையத்துக்குப் போகிறார், இரண்டிலும் தோதான விமானம் கிடைக்காதபோது மதுரைக்குப் போகிறார். இம்மூன்று நிலையங்களிலும் மடக்கு மிதிவண்டிப் பெட்டியோடு வரிசையில் நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் கேட்க வந்தது ஒன்றுதான். பயணி கொண்டுவரும் பெட்டியை அதன் அளவையும் எடையையும் கொண்டு மதிப்பிடுங்கள். உள்ளே இருப்பது சைக்கிள் என்ற ஒரே காரணத்துக்காக வேறு கட்டணமும் வேறு விதியும் சொல்லாதீர்கள். அப்படித்தான் நடத்துவோம் என்பதை எழுத்தில் வெளியிடுங்கள்.

நான் சுசீந்திரத்தில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியன். 20 அங்குலச் சக்கரமும் எட்டு கியரும் கொண்ட மடக்கு மிதிவண்டி ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். வார நாட்களில் மணக்குடி வரை போய் வருவேன். ஞாயிறுகளில் கடற்கரைச் சாலையில் முட்டம் வரை நீளும். கோடை விடுமுறையில் வண்டியைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு தொலைவிலுள்ள ஒரு மாநிலத்துக்குப் பறந்து, அங்கே பாகங்களைப் பூட்டி, இரண்டு வாரம் மிதித்துத் திரும்புவேன். முழு அளவு சைக்கிளை விட்டு நான் இதற்கு மாறியதன் காரணம் எங்கள் மாவட்டத்தின் இருப்பிடமே. விமான நிலையத்துக்குப் போவதற்கே ஒரு பேருந்துப் பயணம் தேவைப்படும் ஊரில், நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்து ஏற்றிக்கொள்ளக் கூடிய வண்டிதான் உதவும்.

இது என் ஒருவனுடைய சிக்கலும் அன்று. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை மிதித்து வருகிறவர்கள் முக்கடல் சங்கமத்தில் நின்று படம் எடுத்துக்கொண்ட மறுநாளே, ஊர் திரும்பும் வழியைத் தேடத் தொடங்குகிறார்கள். சிலர் ரயில்வே பார்சலில் போடுகிறார்கள்; விமானத்தில் போகிறவர்கள், புது சைக்கிள் இறங்கிய காலி அட்டைப்பெட்டி கிடைக்குமா என்று நாகர்கோவில் கடைகளில் ஏறி இறங்குகிறார்கள். வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் நான் அவர்களோடு உட்கார்ந்து கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய முழு அளவுப் பெட்டி ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம் இருக்கும். அதற்குத் தனி இடமும் தனிக் கட்டணமும் கேட்டால் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பெரிய பெட்டி பெரிய பெட்டிதான். ஆனால் அதே அளவுகோலின்படி சிறிய பெட்டி சிறிய பெட்டியாகவே இருக்க வேண்டும் அல்லவா?

மடக்கினால் போதும், பெட்டியில் அடங்கிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. 20 அங்குல வண்டியைக் கீலில் மடிப்பதோடு நிறுத்தினால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டிய தொகை ஏறத்தாழ 185 செ.மீ. வரும். விமான நிறுவனங்கள் பல சாதாரணப் பெட்டிக்கு வைத்திருக்கும் எல்லை 158 செ.மீ., அதாவது 62 அங்குலம். மூன்றாக மடியும் 16 அங்குல வண்டிகள் எதையும் கழற்றாமலே இந்த எல்லைக்குள் நிற்கும். மற்ற நாங்கள் அந்த 27 செ.மீ.யைக் குறைப்பதற்கு அலன் கீயும் (அறுகோணத் திருகுச் சாவி) ஸ்பேனருமாகத் தரையில் உட்கார வேண்டும். முதல் தடவை எனக்கு அதற்கு ஒரு முழுப் பிற்பகல் பிடித்தது. இப்போது முக்கால் மணி நேரம் போதும்.

உங்கள் ஊழியர்கள் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே காண்பது என்ன என்று தெரிந்தால் அதைக் கையாளும் முறையும் மாறும் என்று நம்புவதால், வேலையைச் சற்று விரித்தே சொல்கிறேன். முதலில் பெடல்கள். வலது பெடல் வழக்கம்போல இடஞ்சுழியாகத் திருகினால் கழலும்; இடது பெடலின் மரை தலைகீழானது, வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும், இது தெரியாமல் மரையைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. பிறகு சீட் கம்பியில் உயரத்தைக் குறிக்க ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டு உருவிக்கொள்கிறேன். அடுத்து இரண்டு சக்கரங்களும் ஹேண்டில் தண்டும் வெளியே வரும். பின் கியரை 5 மி.மீ. அலன் கீயால் அவிழ்த்து, செயினோடு சேர்த்து ஒரு பழைய துவர்த்தில் (துண்டில்) சுற்றிச் சட்டத்தோடு கட்டுவேன். சட்டத்தின் குழாய்களுக்கு, ஏ.சி. செப்புக் குழாய் மேல் போடும் கறுப்பு ஃபோம் உறை. கடைசியாக, மிகவும் சிறியதாக இருந்தாலும் மிகவும் முக்கியமான ஒன்று: சக்கரம் கழன்ற இடத்தில் ஃபோர்க்கின் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையின்) இரு கால்களும் வெறுமையாக நிற்கும் அல்லவா, அவற்றுக்கு நடுவே பழைய ஆக்சில் (சக்கர அச்சு) ஒன்றை நட்டுப் போட்டு முட்டுக்கொடுக்க வேண்டும். என் வண்டியில் முன்புறம் 74 மி.மீ., பின்புறம் 130 மி.மீ. இந்த முட்டு இருந்தால் மேலே கனமான பெட்டி விழுந்தாலும் கால்கள் எளிதில் உள்நோக்கி வளையாது. இல்லையென்றால் ஒரு சூட்கேஸ் சாய்ந்தாலே போதும்.

எடைக்கணக்கும் இதைப் போலவே நுணுக்கமானது. உள்நாட்டுப் பயணச் சீட்டுகளில் பெரும்பாலும் 15 கிலோதான் கட்டணமில்லாமல் அனுமதிக்கப்படுகிறது. வண்டி 11.8 கிலோ, இரட்டை அடுக்கு அட்டைப்பெட்டி 1.7, ஃபோமும் துணியும் ஆக்சில்களும் அரைக் கிலோ, கருவிகள் 600 கிராம், ஆக 14.6. கருவிகளைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது, ஆகையால் அவை இந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். பவர் பேங்க் நேர்மாறாகக் கைப்பையில்தான் வர வேண்டும். பஞ்சர் பசை எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் நான் அதை எடுத்துச் செல்வதே இல்லை, இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்வேன். விதிகளை மதிக்கிறவர்கள் ஒவ்வொரு கிராமையும் எண்ணித்தான் வருகிறார்கள் என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நான் மேலே குறிப்பிட்ட மூன்று நிலையங்களில் எதிலும் இது நடக்கவில்லை. வடகிழக்கில் இரண்டு வாரம் சுற்றிவிட்டுத் திரும்பும்போது, பெட்டியைத் தராசில் வைத்தேன், 14.6 காட்டியது. அளவும் 158-க்குள். பெட்டியில் என்ன என்று கவுண்டரில் கேட்டார்கள், மறைக்க எதுவும் இல்லாததால் மடக்கு சைக்கிள் என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும், விளையாட்டுக் கருவிக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அதே நிறுவனத்தின் விமானத்தில், அதே பெட்டியை, போகும்போது சாதாரணப் பெட்டியாக ஏற்றிக்கொண்டார்கள் என்று பழைய டேக்கைக் காட்டினேன். அது அந்த நிலையத்தின் முடிவு, இது இங்கத்திய முடிவு என்று பதில் வந்தது. எந்த விதியின் கீழ் என்று கேட்டதற்குக் காட்ட எதுவும் இல்லை. விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் பணத்தைக் கட்டினேன். சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற சீட்டிலும் கையெழுத்திட்டேன்.

பணத்தைவிட எனக்கு அதிகம் வலித்தது மறுநாள் வீட்டுத் திண்ணையில் பெட்டியைத் திறந்தபோது கண்ட காட்சி. யாரோ சோதனைக்காக டேப்பை அறுத்திருக்கிறார்கள். அதில் குறையில்லை, அது அவர்கள் கடமை. ஆனால் உள்ளே இருந்த இரண்டு ஆக்சில்களையும் கழற்றியவர்கள் திரும்பப் பூட்டவில்லை. ஒன்று பெட்டியின் அடியில் கிடந்தது, மற்றொன்று இல்லவே இல்லை. முன் ஃபோர்க்கின் கால்கள் நெருங்கிப் போய், சக்கரத்தை நுழைக்க முடியவில்லை. கியரைத் தாங்கும் காதும் உள்நோக்கி வளைந்திருந்தது. வடசேரியில் எனக்குப் பழக்கமான சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். அங்குள்ள பெரியவர் சட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "சாரே, இதுக்க காதுல்லா வளஞ்சிருக்கு, நிமுத்துனா ஒடிஞ்சிரும்" என்றார். அலுமினியம் இரும்பைப் போல இரண்டாம் முறை வளைந்து கொடுக்காது. புதுக் காது வரவழைக்க மூன்று வாரம் ஆயிற்று. நான்கு அங்குல ஆக்சில் ஒன்றைத் திரும்ப வைத்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திருக்காது.

ஆகவே என் கோரிக்கைகளைப் பணிவோடு முன்வைக்கிறேன். முதலாவதும் தலையாயதும் நான் தொடக்கத்தில் சொன்னது. மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 158 செ.மீ.க்குள்ளும் எடை சீட்டில் கண்ட அளவுக்குள்ளும் இருக்குமானால், மடக்கு மிதிவண்டி சாதாரணப் பயணச்சுமையாகவே ஏற்கப்படும் என்று ஒரே ஒரு வரி, தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும், உங்கள் இணையதளத்தில் இருக்கட்டும். பயணி அதைக் கைப்பேசியில் காட்டுவார், கவுண்டரில் இருப்பவரும் மேலதிகாரியைத் தேடி ஓட வேண்டியதில்லை. அவர்களும் விதி தெரியாமல் திண்டாடுகிறவர்களே. நான் அவர்களை நோகவில்லை. எல்லையைத் தாண்டினால் எவ்வளவு கட்டணம் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள், தாண்டியவர்கள் முணுமுணுக்காமல் கட்டுவார்கள்.

இரண்டாவது, சோதனை. பெட்டியை மூடுவதற்கு முன்பே பயணியின் முன்னிலையில் திறந்து பார்த்துவிட வழி செய்தால் நாங்களே டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்போம். அது இயலாத இடங்களில் பாதுகாப்புப் பிரிவினரோடு பேசி, எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கத்தையாவது உறுதிசெய்யுங்கள்.

டயர் காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கவுண்டருக்குக் கவுண்டர் இது மாறுகிறது. காற்றை முழுவதும் பிடுங்கினால்தான் ஏற்றுவோம், மேலே போனால் வெடித்துவிடும் என்று என்னிடம் சிலர் சொன்னதுண்டு. பயணிகள் விமானத்தின் சரக்கு அறையும் பயணிகள் அறையைப் போலவே அழுத்தம் காக்கப்படுவது. அங்கே நிலவும் அழுத்தம் சுமார் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம், அதாவது கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு. வெளியழுத்தத்தில் குறையும் கால் பங்குதான் டயருக்குள் கூடுதலாகத் தெரியும். அது ஏறத்தாழ 4 பி.எஸ்.ஐ. 60 பி.எஸ்.ஐ. தாங்கி ஓடும் டயருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அழுத்தமே இல்லாத வெற்றிடத்தில் வைத்தாலும் கூடுவது 15-ஐத் தாண்டாது. பாதிக் காற்றை இறக்கச் சொன்னால் மறுக்காமல் இறக்குகிறோம். முழுவதும் இறக்கினால் ரிம்முக்கு இருந்த மெத்தை போய்விடுகிறது, அவ்வளவே.

சேதத்தைத் தெரிவிக்கும் முறையும் தெளிவாக இல்லை. பன்னாட்டுப் பயணத்தில் சேதமடைந்த சுமைக்கு 7 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை இடம் தருகிறது. உள்நாட்டில் பெட்டியை வாங்கிக்கொண்டு வாசலைக் கடந்துவிட்டால் பேச்சே எடுபடுவதில்லை என்பது என் அனுபவம். ஃபோர்க் நெருங்கியிருப்பதை வாசலில் நின்று எவரும் கண்டுபிடிக்க முடியாது. பூட்டிப் பார்த்தால்தான் தெரியும். வண்டி பூட்டுகிறவனுக்கும் அந்த ஏழு நாளைத் தாருங்கள்.

அட்டைப்பெட்டியை நீங்களே விற்பதைப் பற்றியும் எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் சைக்கிள் பெட்டி விலைக்குக் கிடைக்கிறது. நாட்டின் தென்முனையில் பயணத்தை முடிக்கிறவர்களுக்குத் திருவனந்தபுரத்தில் அப்படி ஒன்று கிடைத்தால், நாகர்கோவில் கடைத்தெருவில் அவர்கள் அலையும் ஒரு நாள் மிச்சமாகும்.

என் பெட்டி இப்போது திண்ணையில் தயாராக இருக்கிறது. புதிய ஆக்சில்கள் இரண்டையும் தும்புக் கயிற்றால் ஃபோர்க்கோடு பிணைத்திருக்கிறேன், கழற்றினாலும் தொங்கிக்கொண்டே இருக்கும். மூடியின் உட்புறம், எது எங்கே இருக்க வேண்டும் என்று கையால் வரைந்த படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அந்த மூன்று நிலையங்களில் எங்கே அழைத்தாலும் ஒரு சனிக்கிழமை இந்தப் பெட்டியோடு வந்து, உங்கள் ஊழியர்கள் முன்னிலையில் வண்டியைப் பூட்டி, மறுபடி கழற்றி அடைத்துக் காட்டச் சித்தமாக இருக்கிறேன். ஓர் அளவு நாடாவும் ஒன்றரை மணி நேரமும் போதும்.

இப்படிக்கு,
சுசீந்திரத்திலிருந்து ஒரு மிதிவண்டிப் பயணி