அமிகாவில் விளம்பரத் தொல்லை: கார்டு வாங்கும் முன் ஒரு ஃபைலைத் திருத்திப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் அமிகா 1200 என்ற பழைய வீட்டுக் கணினியை வாங்கியவர்களும் பழுதுபார்க்கக் கொடுத்தவர்களும் சில மாதங்களாக ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "விளையாட்டு, பாட்டு எல்லாம் நன்றாக ஓடுகிறது. இணையப் பக்கம் திறந்தால் மட்டும் மெஷின் நின்றுவிடுகிறது. மெஷினின் வேகத்தைக் கூட்டும் ஆக்ஸிலரேட்டர் கார்டு இன்னும் வேகமானதாகப் போட வேண்டுமா?" கார்டு விற்பதும் எங்கள் தொழில்தான். ஆனாலும் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அப்படி வந்த ஒரு மெஷினை மேசையில் வைத்து ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தோம். 50 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 68030 ப்ராசஸர் கார்டு போட்டது. திரையை விட்டுவிட்டு எந்த சர்வரோடு பேசுகிறது என்று காட்டும் பிரவுசரின் அடிவரியை மட்டும் கவனித்தோம். செய்தித் தளத்தின் பெயர் வந்தது, எழுத்துகள் இறங்கிவிட்டன. அதற்குப் பிறகு வந்த பெயர்களில் ஒன்றுகூட அந்தத் தளத்துடையது இல்லை. ஒரு விளம்பர சர்வர், அப்புறம் இன்னொன்று, அப்புறம் வருகையைக் கணக்கெடுக்கும் சர்வர். ஒவ்வொரு பெயரும் சில நொடிகள் அப்படியே நின்றது. செய்தி கண்ணெதிரே இருக்கிறது, ஸ்க்ரோல் செய்தால் நகரவில்லை.

நேரத்தைத் தின்பது படங்கள் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் தின்பது பூட்டுத் திறக்கும் வேலை. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் குறியாக்கம் செய்த இணைப்பில்தான் பேசுகின்றன. அமிகாவில் அதை அமிஎஸ்எஸ்எல் என்ற மென்பொருள் செய்கிறது. புதிய சர்வர் ஒன்றோடு பேச ஆரம்பிக்கும்போது அதன் சான்றிதழைச் சரிபார்த்து, சாவி பரிமாறி, மிகப் பெரிய எண்களைப் பெருக்கி முடிக்க வேண்டும். இன்றைய ப்ராசஸருக்கு அது கண்சிமிட்டும் நேரம். 68030-க்கு அப்படி இல்லை. உங்கள் தடத்தைப் பின்தொடரும் டிராக்கர்கள் வைக்கும் ஒரு புள்ளி அளவுப் படம் கண்ணுக்கே தெரியாது, ஆனால் அதற்கும் இதே வேலை முழுதாக நடக்கிறது. நடந்து முடிந்ததும், நீங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்ற செய்தி அந்த சர்வருக்குப் போய்விடுகிறது. 1994-இல் நெட்ஸ்கேப் பிரவுசர் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி குக்கீயை, அதாவது பிரவுசரில் தளம் விட்டுவைக்கும் சிறு குறிப்பை, உருவாக்கியது, ஒரு தளம் தன்னிடம் திரும்பி வந்தவரை அடையாளம் கண்டுகொள்வதற்காக. விளம்பர சர்வரும் குக்கீ வைக்கலாம். ஒரே விளம்பர சர்வர் நூறு தளங்களில் உட்கார்ந்திருந்தால், அந்த நூறு தளங்களிலும் நீங்கள் போய்வந்த தடம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும்.

புதிய கணினிகளில் பிரவுசருக்குள் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொள்கிறார்கள். நம் பிரவுசர்களில் அது ஓடாது. ஆனால் அதைவிடப் பழைய வழி ஒன்று மெஷினுக்குள்ளேயே இருக்கிறது: ஹோஸ்ட்ஸ் ஃபைல். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்தில் வலையிலிருந்த கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே பட்டியலில் இருந்தன, ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது. பட்டியல் பெருகிக் கட்டுக்குள் நிற்காமல் போனபோது, 1983-இல் ஒரு பெயரின் முகவரியை வெளியே உள்ள சர்வர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் டிஎன்எஸ் முறையை பால் மோக்காபெட்ரிஸ் வடிவமைத்தார். இருந்தாலும் அந்தப் பழைய பட்டியலை யாரும் தூக்கி எறியவில்லை. வெளியே கேட்பதற்கு முன் மெஷின் இன்றும் அதைத்தான் முதலில் பார்க்கிறது. அதில் விளம்பர சர்வரின் பெயருக்கு நேரே 127.0.0.1 என்று எழுதிவிடுங்கள். அந்த எண்ணுக்கு "இதே மெஷின்" என்று அர்த்தம். பிரவுசர் தன் வீட்டுக் கதவையே தட்டும், ஆள் இல்லை என்று உடனே தெரிந்துகொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். சான்றிதழும் இல்லை, சாவியும் இல்லை, வெளியே தகவலும் போகாது.

அமிகாவை இணையத்தில் சேர்க்க ரோட்ஷோ மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு அந்த ஃபைல் டெவ்ஸ் டிராயருக்குள் (டிராயர் என்றால் ஃபோல்டர்), இன்டர்நெட் டிராயரில் இருக்கும். அதே வேலையைச் செய்யும் அமிடிசிபி என்றால் அதன் டிபி டிராயரில் பாருங்கள். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு ஒரு பெயர்: எண், இடைவெளி, பெயர். சேமித்து மெஷினை மறுபடி தொடங்கினால் போதும். பெயரை முழுதாக எழுத வேண்டும். ஒரு நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதி அதன் கிளைப்பெயர்கள் எல்லாவற்றையும் தடுக்க இந்த ஃபைலால் முடியாது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறோம். இணையத்தில் லட்சத்துக்கும் மேல் பெயர்கள் கொண்ட ஆயத்தப் பட்டியல்கள் கிடைக்கின்றன. அவற்றை அமிகாவில் ஏற்றாதீர்கள். விளம்பரம் தின்ற மெமரியையும் நேரத்தையும் பட்டியலே தின்றுவிடும். நீங்கள் வழக்கமாகப் போகும் தளங்களைத் திறந்து, அடிவரியில் நிற்கும் பெயர்களைக் குறித்து, அவற்றை மட்டும் சேருங்கள். முப்பது நாற்பது வரிகளிலேயே வித்தியாசம் தெரியும். இனி எங்களிடமிருந்து வரும் மெஷின்களில் அப்படியொரு சிறிய பட்டியலை வைத்தே அனுப்புகிறோம். எல்லாம் சாதாரண எழுத்தில் இருக்கும், வேண்டாத வரியை நீங்களே அழிக்கலாம்.

பெரிய பட்டியல்தான் வேண்டும் என்றால் அதன் இடம் வேறு. ராஸ்ப்பெர்ரி பை என்ற சிறிய கணினியில், விளம்பர சர்வர்களின் பெயர்களைத் தடுக்கும் பை-ஹோல் மென்பொருளை நிறுவி, ரூட்டரில் டிஎன்எஸ் முகவரியாக அதைக் கொடுத்துவிடுங்கள். வீட்டிலுள்ள கைப்பேசி வரைக்கும் பயன் கிடைக்கும், அமிகாவுக்குச் சுமை கூடாது.

இதிலும் அகப்படாதவை உண்டு. தளத்தின் சொந்த சர்வரிலிருந்தே வரும் விளம்பரத்தைப் பெயரை வைத்துத் தடுக்க முடியாது. அமிகாவின் ஐபிரவுஸ் பிரவுசரில், பக்கத்துக்குள் ஓடும் நிரல்களான ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தி வைத்தால் அதிலும் ஓரளவு குறையும். ஏதாவது ஒரு பக்கம் உடைந்து வந்தால், கடைசியாகச் சேர்த்த வரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். விளம்பர வருமானத்தில் ஓடும் சிறிய தளம் ஒன்றை விரும்பிப் படிக்கிறீர்கள் என்றால், அதன் விளம்பர சர்வரை மட்டும் விட்டுவைக்கலாம். நாங்களும் அப்படிச் சிலவற்றை விட்டுவைத்திருக்கிறோம்.

மேசையில் வைத்துப் பார்த்தோமே, அந்த மெஷினில் 22 வரிகள் சேர்த்தோம். அதே செய்திப் பக்கம், எழுத்துகள் இறங்கிய கையோடு ஸ்க்ரோல் ஆனது. உரிமையாளர் கார்டு வாங்காமலே எடுத்துப் போனார். உங்கள் மெஷினில் சரியாக வரவில்லை என்றால் ஹோஸ்ட்ஸ் ஃபைலை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறோம். இதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
பழுதுபார்ப்புப் பிரிவு