மணிமேகலை இல்லாத கடம்பூர்

அம்மு,

ரெண்டு பாகத்தையும் ஒரே ராத்திரில பாத்து முடிச்சுட்டு, இவ்ளோதானா பொன்னியின் செல்வன், இதுக்கா நீயும் பாட்டியும் அப்படி சண்டை போட்டுப்பீங்கன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தியே, அதுக்கு போன்ல பதில் சொல்ல ஆரம்பிச்சா பாதியில மீட்டிங்னு கட் பண்ணிடுவ, அதான் எழுதறேன்.

படம் நல்லால்லன்னு நான் சொல்ல மாட்டேன்டி. எம்ஜிஆர் 1958லயே ரைட்ஸ் வாங்கியும் எடுக்க முடியாம போன கதை, மணிரத்னம் எடுத்து முடிச்சாரே அதுவே பெருசு. சோழ இளவரசி குந்தவையும் அவளுக்கு ஆகாத நந்தினியும் எதிர எதிர வந்து நிக்கற சீனை இன்னொரு தடவை போட்டுப் பாரு. அந்தக் கொண்டை, கழுத்து நிறைய நகை, பட்டு, எல்லாம் கண்ணைப் பறிக்குது, ஆனா ரெண்டு பேரும் அத்தனையும் மாட்டிக்கிட்டு சண்டைக்கு வந்த மாதிரிதான் நிக்கறாங்க, த்ரிஷா கண்ணும் ஐஸ்வர்யா ராய் கண்ணும் ஒண்ணை ஒண்ணு விடவே விடாது. கல்கி பக்கம் பக்கமா எழுதின பகையை ரவிவர்மன் கேமரா அந்த ஒரு சீன்ல காட்டிடுச்சு. ஒளிப்பதிவுக்கு நேஷனல் அவார்டு சும்மா குடுக்கல.

ஆனா 1950லேர்ந்து 54 வரைக்கும் வாரா வாரம் வந்த தொடர்கதை, அஞ்சு பாகம். அதை அஞ்சரை மணி நேரத்துல அடைக்கணும்னா எதையாவது தூக்கித்தான் ஆகணும், அது எனக்கும் புரியுது. சேந்தன் அமுதன்னு ஒருத்தன் ஓரமா வந்துட்டுப் போனான்ல, புக்குல பூ கட்டிக் கோயிலுக்குக் குடுக்கற அந்தப் பையன்தான் நெஜமான மதுராந்தகன், சிம்மாசனத்துக்கு உரிமை உள்ள சோழ இளவரசன், கடைசில கிரீடம் அவனுக்குத்தான். அந்த ஆள் மாறாட்டத்தை வெளக்கவே அரை மணி நேரம் வேணும், விட்டாங்க, சரி போகட்டும்.

மணிமேகலைய விட்டதுதான் எனக்கு ஆறல.

கடம்பூர் மாளிகை ஞாபகம் இருக்கா, தேவராளன் ஆட்டம், தீப்பந்தம், பெரிய மனுஷங்க ராத்திரில கூடி சதி பேசறது? புக்குல அதே வீட்ல ஒரு பொண்ணு இருக்கா. சம்புவரையர் மக, கந்தமாறன் தங்கச்சி. என் ஃப்ரெண்டு வந்தியத்தேவன் அப்படி இப்படின்னு அண்ணன்காரன் அளந்து விட்டதைக் கேட்டே, ஆளைப் பாக்கறதுக்கு முன்னாடியே மனசைக் குடுத்துட்டா. அப்புறம் அதே அண்ணன் வந்து அவனை மறந்துடு, மதுராந்தகனைக் கட்டிக்கோ, நீ ராணி ஆயிடலாங்கறான். உனக்கு என்னம்மா வேணும்னு ஒருத்தன் அவகிட்ட கேட்டானா, இல்ல. பட்டத்து இளவரசன் கரிகாலன் செத்து பழி வந்தியத்தேவன் மேல விழறப்ப, நான்தான் கொன்னேன்னு முன்னாடி வந்து நிக்கறா, பைத்தியக்காரி. கடைசி அத்தியாயத்துக்குப் பேரே "மலர் உதிர்ந்தது!" அவன் மடியிலயே உயிரை விடறா. இத்தனை ராஜா, இத்தனை யுத்தம்னு எழுதின மனுஷன், கதையை பட்டாபிஷேகத்தோட முடிக்கல பாரு, ஒண்ணுமே கிடைக்காத இந்தப் பொண்ணோட முடிச்சாரு.

படம் சிம்மாசனம் போற பக்கமே போகுது, அந்த செட்டும் கூட்டமும் குதிரையும் அதைக் காட்டத்தான் லாயக்கு. அவ இல்லாததால வந்தியத்தேவனா வர்ற கார்த்தியும் கடைசி வரைக்கும் வாயாடியாவே நிக்கறான், புக்குல வந்தியத்தேவன் முடியறப்ப வேற ஆளு, அந்த ஜாலியெல்லாம் போயிடும். பாட்டியோட எனக்கு சண்டையே இதுலதான், அவன் மணிமேகலையத்தான் கட்டியிருக்கணும்னு அவங்க, குந்தவை விட்டுக் குடுப்பாளான்னு நான். நீ பாத்ததுல சண்டை போட என்ன இருக்கு சொல்லு?

நாட்டுடைமை ஆன புக்கு, நெட்ல ஃப்ரீயாவே கிடைக்கும், காசு போட்டு வாங்காத. படம் ராஷ்டிரகூட யுத்தத்துல ஆரம்பிக்கும், புக்கு ஆடிப்பெருக்கு அன்னைக்கு வீரநாராயண ஏரிக்கரையில ஆரம்பிக்கும், ஜனங்க கூட்டாஞ்சோறு சாப்பிட்டுட்டு இருப்பாங்க, வந்தியத்தேவன் குதிரை மேல உக்காந்து வேடிக்கை பாத்துட்டே போவான். மொதல்ல கொஞ்சம் மெதுவாதான் இருக்கும், ஆள் பேரு குழப்பும், குழம்பினா எனக்கு மெசேஜ் போடு, விக்கிபீடியாவைத் தொறந்து யார் யாரைக் கட்டிக்கிட்டான்னு பாத்து வச்சுக்காத.

அம்மா