அம்மிணிக்கு, ஃப்ரீசர் ஒழுகுவது பற்றி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. ஃப்ரீசரின் அடித்தட்டில் ஐஸ் பாளம் கட்டியிருக்கிறது, விடிந்தால் சமையலறைத் தரையில் தண்ணீர் நிற்கிறது என்று நீ போனில் சொன்னது முதல் எனக்கு அதே கவலைதான். ஈரத்தில் நின்றுகொண்டு எதையும் தொடாதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகே துடை. கத்தியால் ஐஸைப் பெயர்க்கவே கூடாது. உள்ளே ஓடும் குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும்; இப்போதைய ஃபிரிட்ஜுகள் பலவற்றில் இருக்கும் ஆர்-600ஏ என்கிற குளிரூட்டும் கேஸ் தீப்பற்றக்கூடியது.

ஒழுகுவது எந்தத் தண்ணீர் என்று முதலில் தெரிந்தாக வேண்டும். துடைத்து முடித்ததும் ஐஸ்மேக்கரை நிறுத்தி, அதற்குப் போகும் பைப்பின் வால்வை மூடிவிட்டு, ஃபிரிட்ஜை மட்டும் ஒரு நாள் ஓடவிடு. அப்படியும் ஒழுகினால், குளிரூட்டும் சுருளில் படியும் உறைபனி உருகி, பின்னால் கம்ப்ரசர் மேலிருக்கும் தட்டுக்கு இறங்குகிற துளை அடைத்திருக்கும். தேங்காய்த் துருவல் சிந்தினாலே போதும், அடைத்துக்கொள்ளும். மறுபடி பிளக்கைப் பிடுங்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான தண்ணீரை அந்தத் துளையில் விட்டுக்கொண்டே இரு. பின் தட்டில் தண்ணீர் விழுந்தால் அடைப்பு நீங்கிவிட்டது.

எனக்கென்னவோ ஐஸ்மேக்கர் மேல்தான் சந்தேகம். அதற்குள் தண்ணீரை விட்டு நிறுத்தும் இன்லெட் வால்வு இறுக மூடுவதற்கே தண்ணீரின் அழுத்தம் வேண்டும். பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தது 20 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) தேவை. 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் தருவதே 14 பிஎஸ்ஐதான் என்னும்போது, மேல்மாடியில் உன் தலைக்கு மேலேயே இருக்கும் தொட்டியிலிருந்து என்ன அழுத்தம் வந்துவிடும்? போதாதென்று, சிறுவாணித் தண்ணீர் வராத நாட்களில் உங்கள் அப்பார்ட்மெண்டில் போர் தண்ணீரை ஏற்றுகிறார்கள். பக்கெட்டின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு வால்வின் வாயிலும் படிந்தால், மூடிய பிறகும் சொட்டுச் சொட்டாகக் கசியும். கசிந்தது, ஐஸ் அச்சுக்குள் தண்ணீர் ஊற்றும் நிரப்புக் குழாயின் நுனியில் உறைந்துகொள்ள, அடுத்த முறை வரும் தண்ணீர் அச்சுக்குள் போகாமல் வெளியே வழிகிறது. பைப் வால்வைத் திறந்து வைத்து, ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அந்தக் குழாயில் சொட்டு விழுந்தால் இன்லெட் வால்வுதான் காரணம்.

மெக்கானிக் வந்தால் ஐஸ்மேக்கர் முழுவதையும் மாற்றச் சம்மதிக்காதே. முதலில் அழுத்தத்தை அளக்கச் சொல். குறைவாக இருந்தால் சிறிய பிரஷர் பம்ப் ஒன்றை வைத்துவிட்டு, அதன் பிறகு இன்லெட் வால்வை மட்டும் மாற்றினால் போதும். அதுவரை பைப் வால்வு மூடியே இருக்கட்டும். ஒரு நாள் பார்த்ததில் ஒழுக்கு நின்றதா, இல்லையா என்பதை மட்டும் உடனே போன் செய்து சொல், கண்ணு.

அன்புடன்,
அப்பா